நீலக்கல்லில் நின்ற இரும்பு: ஒட்சியேற்ற எண்ணை இரத்தினபுரியிலிருந்து விளங்கிக்கொள்ளல்

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் என் அம்மா பிறந்தார். 1977 ஆகஸ்ட் வன்செயலுக்குப் பின் குடும்பத்தில் ஒரு பாதி கிளிநொச்சிக்குப் போனது. மற்றப் பாதி அதே லயத்தில் தங்கிவிட்டது. போனவர்களைப் பின்னர் போர் தேடி வந்தது. தங்கியவர்களுக்கு 1981, 1983 என்று அடுத்த வன்செயல்கள் வந்தன. வன்னியில் பிறந்த நான், பாதைகள் திறந்த பிறகுதான் அம்மாவின் ஊரைப் பார்த்தேன். இப்போது வருடத்துக்கு ஒரு தடவையாவது போய்வருகிறேன்.

இந்த முறை போனபோது பெரியம்மாவின் பேத்தி, உயர்தரம் படிப்பவள், ஒரு கொப்பியோடு வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

“சித்தி, கந்தகம் ஒன்னுதானே? எதுக்கு ஒரு எடத்துல மைனஸ் ரெண்டுன்னு போடுறாங்க, இன்னொரு எடத்துல பிளஸ் ஆறுன்னு போடுறாங்க?”

“உங்கட டீச்சரைக் கேக்கேல்லையா?”

“கெமிஸ்ட்ரிக்கு டீச்சர் இல்ல சித்தி. ஒரு சேர் வந்தாரு. மூனு மாசத்துல மாத்தலாகிப் போயிட்டாரு.”

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் உயர்தர விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்கக்கூடிய பாடசாலைகள் மிகக் குறைவு. அவளும் இரண்டு பஸ் மாறித்தான் போய்வருகிறாள். நான் ஊடகக் கற்கை படித்தவள். அதற்கு முன், உயர்தரத்தில் முதற்தடவை விஞ்ஞானம் எடுத்து இரசாயனவியலில் விழுந்து, பிறகு கலைப் பிரிவுக்கு மாறியவள். என்னை விழுத்தியது ஏறக்குறைய இதே பாடம்தான். எனவே தெரியாது என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. அன்றிரவு அவளுடைய புத்தகத்தை வாங்கிப் படித்தேன். வவுனியாவில் இரசாயனவியல் கற்பிக்கும் சிநேகிதிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் விளங்கப்படுத்தியதையும், அடுத்த நாட்களில் அந்த மண்ணிலேயே நாங்கள் கண்ட உதாரணங்களையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இதே கேள்வியோடு ஒரு பிள்ளை இருக்கலாம்.

யாருடைய பெயரில் எழுதுவது?

அணுக்கள் சேர்ந்து சேர்வையாகும்போது இலத்திரன்களைக் கொடுக்கின்றன, எடுக்கின்றன, அல்லது பங்கிட்டுக்கொள்கின்றன. ஒட்சியேற்ற எண் என்பது அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு எழுதும் கணக்கு.

தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குக் கணக்கு என்றால் செக்ரோல் நினைவுக்கு வரும். அதை வைத்தே சொன்னேன். இரண்டு பெண்கள் ஒரே நிரையில் கொழுந்து பறித்து ஒரே சாக்கில் போடுகிறார்கள் என்று வைப்போம். நிறுக்கும்போது முழுக் கொழுந்தையும் ஒருத்தியின் பெயரில் எழுதிவிட்டால், செக்ரோலின்படி அவளுக்கு எல்லாம் வரவு, மற்றவளுக்கு ஒன்றுமில்லை. உண்மையில் இருவரும்தான் பறித்தார்கள்.

ஒட்சியேற்ற எண்ணும் இப்படித்தான் எழுதப்படுகிறது. இரண்டு அணுக்கள் ஒரு சோடி இலத்திரனைப் பங்கிட்டு வைத்திருந்தாலும், இரண்டில் எது இலத்திரனைக் கூடுதலாக இழுக்கிறதோ அதன் பெயரிலேயே முழுவதையும் எழுதிவிடுவோம். இந்த இழுவைக்கு மின்னெதிர்த்தன்மை என்று பெயர். அதில் முதலிடம் புளோரினுக்கு, அடுத்தது ஒட்சிசன். காபன் நடுவில் நிற்கும். ஐதரசன் அதற்குச் சற்றுக் கீழே. சோடியம், பொற்றாசியம் போன்ற உலோகங்கள் இழுக்கும் பலம் குறைந்தவை.

இலத்திரன் மறை ஏற்றம் கொண்டது. ஆகையால் இலத்திரனைப் பெற்றதாக எழுதப்படும் அணுவுக்கு மறை எண் வரும், இழந்ததாக எழுதப்படுவதற்கு நேர் எண் வரும். வாங்கினவனுக்கு மைனஸ், கொடுத்தவனுக்குப் பிளஸ் என்பது எங்கள் பழக்கத்துக்குத் தலைகீழாகத் தெரியும். ஆரம்பத்தில் எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான்.

இப்போது அவளுடைய கந்தகத்துக்கு வருவோம். கூழ்முட்டை மணம் வீசும் ஐதரசன் சல்பைட்டில் கந்தகம் இரண்டு ஐதரசன்களோடு சேர்ந்திருக்கிறது. இழுவையில் ஐதரசனைவிடக் கந்தகமே பலமானது. இரண்டு இலத்திரன் அதன் பெயரில் சேர்கிறது, எண் −2. சல்பூரிக்கமிலத்திலோ அதைச் சுற்றி நான்கு ஒட்சிசன் நிற்கின்றன. ஒட்சிசன் கந்தகத்தைவிடப் பலமானது. கந்தகத்தின் ஆறு வெளி இலத்திரன்களும் ஒட்சிசன்களின் பெயருக்குப் போகின்றன, எண் +6. கந்தகம் மாறவில்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதே மாறியிருக்கிறது.

ஆறு விதிகள்

சாதாரண சேர்வைகளுக்கு இந்த ஆறு விதிகளும் போதும்:

1. வேறெதனுடனும் சேராத மூலகத்தின் எண் 0. தங்கம், இரும்பு, ஒட்சிசன் வாயு எல்லாவற்றுக்கும் இதுவே.
2. ஓரணு அயனுக்கு அதன் ஏற்றமே எண்.
3. சேர்வைகளில் புளோரின் எப்போதும் −1. சோடியம், பொற்றாசியம் +1. மகனீசியம், கல்சியம் +2. அலுமினியம் +3.
4. ஐதரசன் +1. சோடியம் போன்ற உலோகத்தோடு மட்டும் சேர்ந்திருந்தால் −1.
5. ஒட்சிசன் −2. பரொட்சைட்டுகளில் −1. புளோரினோடு சேர்ந்தால் நேர் எண்.
6. ஏற்றமில்லாத சேர்வையில் எல்லா எண்களின் கூட்டுத்தொகை 0. அயனாக இருந்தால், கூட்டுத்தொகை அந்த அயனின் ஏற்றத்துக்குச் சமன்.

இரண்டு விதிகள் மோதினால் மேலே உள்ளதற்கே முன்னுரிமை. தெரிந்தவற்றை முதலில் எழுதி, ஆறாவது விதியால் தெரியாததைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கேகாலைப் பக்கம் இறப்பர் தோட்டங்களில் பாலை உறைய வைக்க ஊற்றும் அசிட்டை எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் போமிக் அமிலம். அதில் ஒரு காபன், இரண்டு ஐதரசன், இரண்டு ஒட்சிசன் உண்டு. ஐதரசன்களுக்கு +2, ஒட்சிசன்களுக்கு −4, இரண்டும் சேர்ந்து −2. மொத்தம் 0 ஆக வேண்டுமென்றால் காபன் +2 ஆக இருக்க வேண்டும்.

அடுத்தது யூரியா. போர்க்காலத்தில் வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் பசளையின் பெயராக மட்டும் இருக்காது. வெடிபொருளுக்குப் பயன்படும் என்ற காரணத்தால் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் அது இருந்தது. வயலுக்கு யூரியா இல்லாமல் எங்கள் ஊரார் பட்ட பாட்டை, 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது தேயிலைத் தோட்டங்களும் அனுபவித்தன. யூரியாவில் ஒரு காபன், ஒரு ஒட்சிசன், இரண்டு நைதரசன், நான்கு ஐதரசன். ஒட்சிசன் −2, ஐதரசன்கள் +4. இங்கே காபன், நைதரசன் என இரண்டு தெரியாதவை நிற்கின்றன. இழுவையைப் பார்த்தால் பதில் வரும். நைதரசன் காபனையும் ஐதரசனையும் விடப் பலமானது. அதன் மூன்று பிணைப்புகளும் அவற்றோடுதான். ஆகவே ஒவ்வொரு நைதரசனும் −3, இரண்டுக்கும் −6. கூட்டிப் பார்த்தால் காபன் +4. சரிபார்க்கலாம்: +4 −2 −6 +4 = 0.

ஐந்தாவது விதியின் விலக்கையும் நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். காயத்தில் ஊற்றினால் வெள்ளையாக நுரைத்துப் பொங்கும் மருந்து ஐதரசன் பரொட்சைட்டு. போரின்போது ஆஸ்பத்திரிகளில் அந்த நுரையைப் பார்க்காதவர்கள் எங்களில் குறைவு. அதில் இரண்டு ஐதரசன், இரண்டு ஒட்சிசன். ஐதரசன் +1 என்பது முந்திய விதி, அதுவே வெல்லும். எனவே ஒட்சிசன் ஒவ்வொன்றும் −1. காயத்தில் பட்டதும் ஒட்சிசன்களில் பாதி −2 ஆகி நீரில் சேர்கிறது. மற்றப் பாதி 0 ஆகி வாயுவாக வெளியேறுகிறது. அந்த வாயுவே நுரை.

எண் கூடினால், குறைந்தால்

ஒட்சியேற்றம் என்ற சொல் முதலில் ஒட்சிசனோடு சேர்வதை மட்டுமே குறித்தது. இன்று அதன் பொருள் விரிந்துவிட்டது. ஒட்சியேற்ற எண் கூடினால் ஒட்சியேற்றம், குறைந்தால் தாழ்த்தல். ஒன்று இழக்கும் இலத்திரனை இன்னொன்று வாங்கியே ஆகவேண்டும் என்பதால் இரண்டும் எப்போதும் சோடியாகவே நடக்கும்.

தேயிலைத் தொழிற்சாலையில் அரைத்த கொழுந்தைப் பரப்பிவைத்துக் கறுக்க விடுவதை நொதித்தல் என்கிறார்கள். உண்மையில் அங்கே பெரும்பாலும் நடப்பது, இலையிலுள்ள நொதியங்களின் உதவியோடு காற்றின் ஒட்சிசனால் ஏற்படும் ஒட்சியேற்றம். பச்சைக் கொழுந்து செம்பு நிறத்துக்கு மாறுவது அதனால்தான்.

எண்களை வைத்துத் தெளிவாகப் பார்க்க, கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கத்துக்குப் போகலாம். அங்கே நிலத்தின் ஆழத்திலிருந்து எடுக்கும் காரீயம் ஏறக்குறையத் தூய காபன். தனி மூலகம், ஆகவே 0. காபன் போதிய காற்றில்லாமல் எரிந்தால் காபனோரொட்சைட்டு வரும், அதில் காபன் +2. நன்றாக எரிந்தால் காபனீரொட்சைட்டு, அதில் +4. பூச்சியத்திலிருந்து நான்குக்கு ஏறும் வழியில் வெப்பம் கிடைக்கிறது. மரக்கரி அடுப்பில் நடப்பதும் இதுவே.

பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்படுவதற்கு முன்னர், அந்தப் பகுதியில் தொல்லியல் ஆய்வு நடந்தது. மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பழைய இரும்பு உருக்கும் உலைகள் வரிசையாகக் கண்டுபிடிக்கப்பட்டன. துருத்தியால் ஊதி எரிக்காமல், தென்மேற்குப் பருவக்காற்றையே பயன்படுத்திய உலைகள் அவை. கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை எனக் கணிக்கப்பட்டது. ஆய்வை நடத்திய கில் ஜுலெஃப் அதேபோன்ற உலையைக் கட்டி, காற்றால் மட்டுமே இரும்பை உருக்கிக் காட்டினார். 1996இல் ‘நேச்சர்’ ஆய்விதழ் அதை வெளியிட்டது.

அந்த உலைக்குள் நடந்த கணக்கு இது. இரும்புத் தாதில் இரண்டு இரும்புக்கு மூன்று ஒட்சிசன். ஒட்சிசன்களுக்கு −6, ஆகவே இரும்பு ஒவ்வொன்றும் +3. மரக்கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டில் காபன் +2. இரண்டும் தாக்கமுறும்போது இரும்பு 0 ஆகிறது, காபன் +4 ஆகிறது. இரண்டு இரும்பும் சேர்ந்து ஆறு இலத்திரன் வாங்க வேண்டும். ஒரு காபன் இரண்டைத்தான் கொடுக்கும். ஆகவே மூன்று காபனோரொட்சைட்டு மூலக்கூறுகள் தேவை. சமன்பாட்டைச் சமப்படுத்துவதை மனப்பாடமாகச் செய்த எனக்கு, அந்த ‘மூன்று’ எங்கிருந்து வருகிறது என்பது முப்பது வயது தாண்டித்தான் விளங்கியது.

கெவுட என்ற கல்

இரத்தினபுரியில் உதாரணம் தேடினால் மாணிக்கக்கல்லில்தான் வந்து நிற்க வேண்டும். தோட்டத்து இளைஞர்கள் சிலரும் மாணிக்கக் குழிகளில் கூலிக்கு இறங்குகிறார்கள். அங்கே கிடைக்கும் நீலக்கல், சிவப்புக்கல் இரண்டும் அடிப்படையில் ஒரே பொருள், அலுமினியம் ஒட்சைட்டு. இரண்டு அலுமினியம் (+3, +3), மூன்று ஒட்சிசன் (−6). அது தூய்மையாக இருந்தால் நிறமே இல்லை. சில அலுமினியத்தின் இடத்தில் +3 ஆகவுள்ள குரோமியம் புகுந்தால் சிவப்பு. நீலத்துக்கு இரும்பும் தைத்தேனியமும் வேண்டும், அதுவும் மிகச் சொற்ப அளவில்.

நீலம் வரும் விதம் அழகானது. பக்கத்துப் பக்கத்து அலுமினியங்கள் இரண்டின் இடத்தில், +2 ஆக ஓர் இரும்பும் +4 ஆக ஒரு தைத்தேனியமும் அமர்கின்றன. முன்பு 3+3, இப்போது 2+4. இரண்டும் 6 என்பதால் கல்லின் மொத்தக் கணக்கு குழம்புவதில்லை. ஒளி படும்போது இரும்பிலிருந்து ஓர் இலத்திரன் தைத்தேனியத்துக்குத் தாவுகிறது. அந்தக் கணத்தில் இரண்டும் +3. இந்தத் தாவலுக்கான சக்தியை மஞ்சள், செம்மஞ்சள் பக்கத்து ஒளியிலிருந்து கல் எடுத்துக்கொள்கிறது. மிஞ்சி வருவது நீலம்.

இரும்பு +3 ஆகவே நின்றுவிட்டால் கொடுப்பதற்கு இலத்திரன் இல்லை. தைத்தேனியமும் கல்லில் கரையாமல் மெல்லிய ஊசிகளாகத் தனித்துக் கிடந்தால், பக்கத்தில் வாங்குவதற்கு ஆளும் இல்லை. கல் பால்போல மங்கித் தெரியும். இத்தகைய கற்களைச் சிங்களத்தில் கெவுட என்பார்கள். நீண்டகாலம் அவற்றுக்கு இங்கே பெறுமதி இருக்கவில்லை.

1970களின் பிற்பகுதியிலிருந்து தாய்லாந்து வியாபாரிகள் அந்தக் கற்களை மிகக் குறைந்த விலைக்கு வாங்கிப் போனார்கள். அங்கே ஒட்சிசன் குறைந்த உலையில் 1,600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினார்கள். ஊசிகள் கரைந்து தைத்தேனியம் கல்லெங்கும் பரவியது. இரும்பில் ஒரு பகுதி +3 இலிருந்து +2 ஆகத் தாழ்ந்தது. மங்கிய கல் நீலக்கல்லாக வெளியே வந்து பல மடங்கு விலைக்கு விற்றது. இங்கே குழிக்குள் இறங்கித் தோண்டியவர்களுக்கும் முதலில் விற்றவர்களுக்கும் கிடைத்தது கெவுடவின் விலைதான். பின்னர்தான் இலங்கையிலும் அத்தகைய உலைகள் வந்தன.

இதைச் சொன்னதும் அவள் கொப்பியை மூடிவிட்டுக் கேட்டாள்: “அப்ப அவங்க இரும்புல ஒரு எலத்திரனக் கூட்டினதுக்குத்தான் அவ்வளவு காசா?”

முழுக்க அப்படியில்லை. சூடு, நேரம், கல்லைத் தெரிவு செய்யும் கண் எல்லாம் வேண்டும். ஆனாலும் அவள் சொன்னதில் பெரும்பகுதி சரி.

கணக்கு சொல்லாதது

இதே சோடியை நம்மவர்கள் இன்னோர் இடத்தில் மிதித்து நடந்திருக்கிறார்கள். திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையின் கறுத்த மணலில் இல்மனைற்று என்ற கனியம் உண்டு. அதில் ஓர் இரும்பு, ஒரு தைத்தேனியம், மூன்று ஒட்சிசன். ஒட்சிசன்களுக்கு −6. எனவே இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்து +6.

அவளிடம் இதைக் கணக்காகக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“மூனும் மூனுமா இருக்கலாம். ரெண்டும் நாலுமாவும் இருக்கலாம். எதுன்னு எப்பிடிச் சொல்றது சித்தி?”

எனக்குத் தெரியவில்லை. மறுபடி வவுனியாவுக்கு அழைத்தேன். “பிள்ளை சரியான இடத்திலதான் நிக்குது” என்றாள் சிநேகிதி. விதிகளால் மட்டும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கனியத்தைக் கருவியால் ஆராய்ந்துதான் இரும்பு +2, தைத்தேனியம் +4 என்று அறிந்தார்கள். மொத்தம் 6 என்று கணக்கு சொல்லும், யார் பங்கு எவ்வளவு என்று அது சொல்லாது.

இன்னொன்றையும் அவள் நினைவூட்டினாள். சல்பூரிக்கமிலத்தின் கந்தகத்தில் உண்மையிலேயே +6 ஏற்றம் இருக்கிறது என்று மாணவர்கள் நினைத்துவிடுவார்கள். அப்படியில்லை. பங்கிட்ட இலத்திரனை ஒருவர் பெயரில் எழுதியதால் வந்த எண் அது. செக்ரோலில் இல்லாத பெண்ணும் கொழுந்து பறித்தவள்தான். எண்ணை நம்பலாம், ஆனால் அது எப்படி எழுதப்பட்டது என்பதை மறக்கக்கூடாது.

நான் புறப்பட்ட காலையில் அவள் ஒரு தாளைக் கையில் திணித்தாள். ஏழு கேள்விகள். பஸ் இரத்தினபுரி வருவதற்குள் மூன்றுக்குப் பதில் எழுதினேன். மற்ற நான்கையும் படமெடுத்துச் சிநேகிதிக்கு அனுப்பினேன். இப்போது வாரத்தில் இரண்டு இரவுகள் அவள் தொலைபேசியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். பக்கத்து லயத்துப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். சிக்னலுக்காக மூவரும் கோயில் மேட்டுக்கு ஏறிப் போகிறார்கள்.

ஒரு நிரந்தர ஆசிரியரின் இடத்தை இது நிரப்பாது. அந்த நியமனத்தைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் இதை வாசிப்பவர்களில் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ரொறன்ரோவிலோ இரசாயனவியலைத் தமிழில் படித்தவர்கள் பலர் இருப்பீர்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், உங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டப் பாடசாலை அதிபரிடமோ ஆசிரியரிடமோ கேட்டுப் பாருங்கள். கேள்விகள் எழுதிய தாளோடு அங்கே ஒரு பிள்ளை இருக்கக்கூடும்.